‘ரைவல்’ எங்கிருந்து வந்தது? ஓர் ஆங்கிலச் சொல்லின் வேரை நீங்களே தேடும் முறை

எதிர்த்து நிற்பவரைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. எனிமி, ஃபோ, அப்போனென்ட், அட்வர்சரி, அன்டகோனிஸ்ட், ரைவல் என்று வரிசையாக அடுக்கலாம். உரிமையியல் வழக்கு ஆவணங்களை ஆங்கிலத்துக்கும் தமிழுக்குமாக மொழிபெயர்ப்பது என் தொழில். இந்தச் சொற்கள் ஓயாமல் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். ஒரு சொத்துக்கு இரண்டு பேர் உரிமை கோரினால் ஆங்கில ஆவணம் அவர்களை ‘ரைவல் கிளெய்மன்ட்ஸ்’ என்று குறிப்பிடும். அதை ‘எதிரிகள்’ என்று தமிழாக்கிவிட முடியாது. நம் ஊர்க் காவல் நிலையத்திலும் குற்றவியல் நீதிமன்றத்திலும் ‘எதிரி’ என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். பாட்டன் வீட்டில் பங்கு கேட்டு வந்தவரை ஒரே சொல்லால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவதாக ஆகும்.

அதனால் ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து கிளம்பி, எந்த வழியாக நடந்து, இன்று நிற்கும் இடத்துக்கு வந்தது என்று தேடிப் பார்ப்பதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறேன். அதை எப்படிச் செய்வது என்று ‘ரைவல்’ என்ற ஒரே சொல்லை வைத்துக் காட்டுகிறேன். லத்தீன் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டு வேண்டும். அதன் இடப்பக்கத்தில் ‘சான்று’ என்றும் வலப்பக்கத்தில் ‘ஊகம்’ என்றும் தலைப்பிட்டுக்கொள்ளுங்கள். எழுத்தில் கண்ணால் பார்த்தது இடப்பக்கம். அதிலிருந்து நீங்களோ அறிஞர்களோ முடிவுகட்டியது வலப்பக்கம். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சொற்களைப் பற்றி உலவும் கதைகளில் பெரும்பாலானவை, வலப்பக்கத்தில் இருக்க வேண்டியதை இடப்பக்கத்தில் எழுதியதால் பிறந்தவை.

அகராதியைத் திறப்பதற்கு முன்

இன்று அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் 1829 முதல் தேம்ஸ் நதியில் படகுப் போட்டி நடத்துகின்றன. அவை ஒன்றுக்கொன்று ரைவல். அந்த இரண்டையும் ‘எனிமி’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏன்? இரண்டுக்கும் வேண்டியது ஒரே பொருள். ஒன்று பெற்றால் மற்றதற்கு இல்லை. அந்தப் பொருளை நடுவிலிருந்து எடுத்துவிட்டால் ரைவல் உறவும் மறைந்துவிடும். பகை அப்படி மறையாது. அது ஆளைப் பற்றியது. ஆகவே என் நோட்டில் இன்றைய பொருளாக எழுதியிருப்பது: ‘நான் விரும்பும் அதே ஒன்றை விரும்புபவர்.’

பக்கத்து வீட்டுச் சொற்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். அவை நீண்ட வேலை இல்லை. ‘எனிமி’ பழைய பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் ‘இனிமீகுஸ்’. நண்பன் என்ற ‘அமீகுஸ்’ முன்னால் எதிர்மறை சேர்ந்தது. ‘ஃபோ’ பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். ‘அட்வர்சரி’ லத்தீனில் எதிரே திரும்பி நிற்பவர். ‘அன்டகோனிஸ்ட்’ கிரேக்கத்தின் ‘அகோன்’ என்ற போட்டிக்களத்திலிருந்து வந்தது. ‘அப்போனென்ட்’ எதிரே வைப்பவர், அதாவது பல்கலைக்கழக விவாதத்தில் மறுப்பை முன்வைப்பவர். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பொது அவையில் கேள்வி கேட்பவருக்கு இன்றும் ‘ஒப்போனென்ட்’ என்றுதான் பெயர். இந்த ஐந்திலும் எதிர்ப்போ போட்டியோ மறுப்போ வேரிலேயே இருக்கிறது. ‘ரைவல்’ சொல்லின் வேரில் அப்படி எதுவும் இல்லை. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

எங்கே தேடுவது

ஆங்கிலச் சொல் வரலாற்றுக்குத் தலைமை நூல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. அதன் முதல் பகுதி 1884இல் வெளிவந்தது. முழுவதும் முடிந்தது 1928இல். ஜேம்ஸ் மரே அதன் ஆசிரியராக உழைத்தார். ஆயிரக்கணக்கான வாசகர்கள் தாங்கள் படித்த நூல்களிலிருந்து வாக்கியங்களைத் துண்டுச்சீட்டுகளில் எழுதி அனுப்பினார்கள். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள். இணையத்தில் முழுமையாகப் பார்க்கச் சந்தா வேண்டும். பெரிய நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். செலவில்லாமல் தொடங்க டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்துவரும் எட்டிமான்லைன் தளம் போதும். லத்தீனுக்குப் போகும்போது 1879இல் வெளிவந்த லூயிஸ்–ஷார்ட் அகராதி வேண்டும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் மின்நூலகத்தில் அதை இலவசமாகப் பார்க்கலாம். அதே இடத்தில் பழைய லத்தீன் நூல்கள் ஆங்கில மொழிபெயர்ப்போடு இருப்பதால், அகராதி ஒரு வரியைச் சுட்டினால் உடனே அந்த வரியைத் திறந்து பார்த்துவிடலாம்.

அகராதிப் பதிவைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, ஆண்டு. ‘ரைவல்’ ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்படுகிறது என்று இருக்கும். சொல் அன்று பிறந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. நமக்குக் கிடைத்த எழுத்துகளில் அப்போதுதான் முதலில் காணப்படுகிறது, அவ்வளவே. வாயில் எத்தனை காலம் புழங்கியதோ, தொலைந்துபோன தாள்களில் எத்தனை முறை இருந்ததோ, அகராதியால் சொல்ல முடியாது.

இரண்டு, ‘இருக்கலாம்’, ‘ஒருவேளை’, ‘தெளிவில்லை’ போன்ற சிறு சொற்கள். அவசரமாகப் படிப்பவர்கள் இவற்றைத்தான் தாண்டிப் போவார்கள். அகராதி ஆசிரியர் பல மாத உழைப்புக்குப் பிறகு எழுதிய ‘ஒருவேளை’ அது. அப்படியே வலப்பக்கத்தில் எழுதுங்கள்.

மூன்று, நட்சத்திரக் குறி. ஒரு வடிவத்தின் முன்னால் சிறிய நட்சத்திரம் இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கல்வெட்டிலும் கிடைக்கவில்லை. பல மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டமைத்தது என்று பொருள். ஓடுதல், பாய்தல் என்ற பொருளில் ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர் ‘ரைவல்’ சொல்லுக்கும் காட்டப்படும். அதற்கும் நட்சத்திரம் உண்டு. எவ்வளவு மதிப்புள்ள ஊகமானாலும் அதன் இடம் வலப்பக்கமே.

ஓடைக்குப் போவது

இப்போது லத்தீன். ‘ரைவல்’ சொல்லுக்கு முன்வடிவம் ‘ரீவாலிஸ்’. அதைப் பிரித்தால் ‘ரீவுஸ்’ என்ற பெயர்ச்சொல்லும் ‘ஆலிஸ்’ என்ற விகுதியும் கிடைக்கும். விகுதியின் வேலை எளிது: ‘அதைச் சேர்ந்த’, ‘அது தொடர்பான’ என்று பெயரடை ஆக்குவது. ஆங்கிலத்தில் ‘லீகல்’, ‘நேவல்’ போன்ற சொற்களின் கடைசியில் நிற்பதும் இதே விகுதிதான்.

‘ரீவுஸ்’ என்றால் ஓடை. ஆனால் அகராதியில் இந்த ஒரு பொருளோடு நின்றுவிடாதீர்கள். வெட்டப்பட்ட வாய்க்காலையும் அது குறிக்கும். இதற்குக் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று ஸ்பெயினில் இருக்கிறது. சரகோசா அருகே ஆகோன் என்ற ஊரில் 1993இல் ஒரு வெண்கலப் பலகை கிடைத்தது. ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தது. எப்ரோ நதிப் பள்ளத்தாக்கில் ஒரு பாசன வாய்க்காலைப் பகிர்ந்துகொண்டவர்கள் அதை எப்படிப் பராமரிக்க வேண்டும், யார் யார் தூர்வார வேண்டும், கூட்டத்தை எப்படிக் கூட்ட வேண்டும் என்ற விதிகள் அதில் உள்ளன. அந்தச் சட்டத்துக்கு இன்று வழங்கும் பெயரிலேயே ‘ரீவுஸ்’ இருக்கிறது. ஊரின் பெயர் ‘ஆகோன்’ என்பதைப் பார்த்ததும், மேலே சொன்ன கிரேக்கப் போட்டிக்களம் ‘அகோன்’ உங்கள் நினைவுக்கு வரும். ஒலி ஒன்றுபோல் இருக்கிறது என்பதைத் தவிர எதையும் அதிலிருந்து எடுக்காதீர்கள். இந்த வகை ஒற்றுமைகள் தேடுபவரை மயக்கிவிடும்.

அல்ஜீரியாவில் லமாஸ்பா என்ற பழைய ரோமானிய ஊரின் கல்வெட்டு இன்னொன்று. பேரரசர் எலகாபலுஸ் ஆண்ட 218–222 காலத்தது. நிலம் வைத்திருந்தவர்களின் பெயர்கள், யாருக்கு எந்த மணியிலிருந்து எந்த மணி வரை தண்ணீர் என்ற கணக்கு எல்லாம் அதில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கல்வெட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆக, ‘ரீவாலிஸ்’ என்ற சொல்லின் கட்டுமானம் ‘ஓடையைச் சேர்ந்த’ என்று சொல்கிறது. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய கொலுமெல்லா, ஓடையில் வாழும் சிறு மீனுக்கு இந்தப் பெயரடையைத்தான் பயன்படுத்துகிறார். அங்கே போட்டியும் இல்லை, பகையும் இல்லை. ஓடை மீன், அவ்வளவுதான். சரி, ஓடையைச் சேர்ந்தவர் எப்படிப் போட்டியாளர் ஆனார்?

ஒரு வழக்கறிஞரின் வாக்கியம்

லூயிஸ்–ஷார்ட் பதிவு உங்களை ரோமானியச் சட்டத் தொகுப்பான டைஜஸ்டுக்கு அனுப்பும். பேரரசர் ஜஸ்டினியன் 533இல் வெளியிட்ட அந்தத் தொகுப்பு, அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் சட்ட அறிஞர்கள் எழுதியவற்றிலிருந்து எடுத்துக் கோக்கப்பட்டது. 50 புத்தகங்கள். 43ஆம் புத்தகத்தின் 20ஆம் தலைப்பு அன்றாடப் பயன்பாட்டு நீர், கோடைக்கால நீர் பற்றியது. அங்கே உல்பியன் பேசுகிறார். இன்றைய லெபனானில் உள்ள தீர் நகரத்தைச் சேர்ந்தவர். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். அவர் சொல்வதன் சாரம் இது: ‘ரீவாலெஸ்’, அதாவது ஒரே வாய்க்கால் வழியாகத் தண்ணீர் கொண்டுபோகிறவர்கள், தண்ணீரைப் பயன்படுத்துவது பற்றிப் பிணக்குக் கொண்டு, பயன்பாடு தனக்கே உரியது என்று இருவரும் வாதிட்டால், இருவருக்கும் இரட்டை ஆணை உண்டு.

இந்த வாக்கியத்தை நான் முதன்முதலில் படித்தபோது நெடுநேரம் அதிலேயே நின்றேன். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் அதில் எனக்கு இரண்டு செல்வங்கள் கிடைத்தன.

முதலாவது, ‘அதாவது’ என்ற விளக்கம். ஒரு சட்ட அறிஞர் தம் சொல்லை நிறுத்தி விளக்குகிறார் என்றால், படிப்பவர் அதை வேறு பொருளில் எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். (வலப்பக்கத்தில் எழுதுங்கள். இது என் ஊகம்.) இரண்டாவது, அந்த ‘இரட்டை ஆணை’. ரோமானிய வழக்குமுறையில் பெரும்பாலான ஆணைகளில் கேட்பவர் ஒருவர், பதில் சொல்பவர் ஒருவர். இரட்டை ஆணையில் இருவர் நிலையும் சமம்; ஒவ்வொருவரும் வாதியும் ஆவார், பிரதிவாதியும் ஆவார். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் இருவரில் யார் தாக்குபவர், யார் தற்காப்பவர் என்று எப்படிப் பிரிப்பது? சட்டமே பிரிக்க மறுத்துவிட்டது. ஒருவரையொருவர் ஒழித்துக்கட்ட வந்தவர்கள் என்ற எண்ணம் இந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை. வாய்க்காலில் இருவருக்கும் இடம் உண்டு என்பதை வைத்துக்கொண்டே சட்டம் பேசுகிறது.

சொல் வரலாறு தேடுபவர்கள் அகராதியோடு நின்றுவிடாமல் மூல வாக்கியம் வரை போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். அகராதி ‘ஒரே ஓடையைப் பயன்படுத்துபவர்’ என்ற ஒரு வரியைத் தரும். இரட்டை ஆணையை அது தராது.

கால வரிசை இடறும் இடம்

இணையத்தில் சொல்லப்படும் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்: ஆற்றங்கரையில் தண்ணீருக்காக அடித்துக்கொண்டவர்கள் ரைவல்கள், பிறகு அது காதலுக்கும் வணிகத்துக்கும் பரவியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் இடப்பக்கத்தில் சான்றுகளை ஆண்டு வரிசைப்படி எழுதிப் பாருங்கள்.

பிளாட்டஸ் எழுதிய ‘ஸ்டிகஸ்’ நாடகம் ரோமில் கி.மு. 200இல் மேடையேறியது. அதில் இரண்டு அடிமைகளுக்கு ஒரே காதலி. அதனால் தாங்கள் ‘ரீவாலெஸ்’ என்கிறான் ஒருவன். டெரன்ஸ் கி.மு. 161இல் மேடையேற்றிய நாடகத்திலும் காதல் போட்டியாளனுக்கு இதே சொல். கி.மு. 54இல் சிசரோ தம் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், போட்டிக்கு ஆளே இல்லாமல் தன்னைத்தானே காதலிக்கும் மனிதர் என்று ஹிர்ருஸ் என்ற அரசியல்வாதியைச் சொல்கிறார். அந்த இடத்திலும் இதே சொல். உல்பியனின் தண்ணீர் விளக்கம் இவற்றுக்கெல்லாம் பல நூற்றாண்டு பிந்தியது! பிளாட்டஸுக்கும் உல்பியனுக்கும் இடையே 400 ஆண்டுகள் இருக்கின்றன.

அப்படியானால் ஓடைக் கதை பொய்யா? அப்படியும் முடிவுகட்டக் கூடாது. சொல்லின் உடலில் ‘ரீவுஸ்’ இருக்கிறது; ‘ஓடையைச் சேர்ந்த’ என்ற பெயரடைப் பயன்பாடும் கிடைக்கிறது; சட்ட மொழி பழைய வழக்குகளை நீண்ட காலம் காப்பாற்றி வைக்கும் இயல்புடையது. தண்ணீரிலிருந்து காதலுக்கு என்பதே இயல்பான திசை என்று அகராதிகள் கொள்வதற்கு இவையே காரணம். நானும் அதையே ஏற்கிறேன். ஆனால் அது வலப்பக்கத்து முடிவு. இடப்பக்கத்தில் காதல்தான் மூத்த சான்று. இரண்டையும் இப்படியே எழுதி வைத்தால் உங்கள் குறிப்பை யாரும் அசைக்க முடியாது.

பிளாட்டஸின் நாடகத்தில் இன்னொன்றையும் பாருங்கள். அந்த இரண்டு அடிமைகளும் அடித்துக்கொள்வதில்லை. ஒரே கோப்பையில் குடிக்கிறார்கள், ஒரே பெண்ணோடு ஆடிப்பாடுகிறார்கள், நாடகம் விருந்தோடு முடிகிறது. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ரைவல்கள் பகிர்ந்துகொண்டவர்கள். பகிர்வதும் போட்டியிடுவதும் இந்தச் சொல்லுக்குள் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக இருந்திருக்கின்றன.

ஆங்கிலத்தில் அந்தப் பழைய பொருள்

அந்தப் பகிர்வுப் பொருள் ஆங்கிலத்துக்கும் வந்தது என்பதைக் காட்ட ஷேக்ஸ்பியர் ஒருவர் போதும். ‘ஹாம்லெட்’ நாடகத்தின் முதல் காட்சி. நள்ளிரவில் காவல் மாறுகிறது. ஹொரேஷியோவையும் மார்செல்லஸையும் வழியில் பார்த்தால் விரைந்து வரச் சொல் என்று பெர்னார்டோ கேட்டுக்கொள்கிறான். அவர்களை அவன் எப்படிக் குறிப்பிடுகிறான் தெரியுமா? ‘என் காவலின் ரைவல்கள்’ என்று. இன்றைய பொருளை வைத்துப் படித்தால் வாக்கியம் விளங்கவே விளங்காது. காவலைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டாளிகள் என்பதுதான் பொருள்.

இதற்கு ஊகம் தேவையில்லை, சான்றே இருக்கிறது. ‘ஹாம்லெட்’ 1603இல் முதலில் அச்சானபோது அந்த இடத்தில் ‘பார்ட்னர்ஸ்’ என்று இருந்தது. அடுத்த பதிப்பில், 1604இல், ‘ரைவல்ஸ்’. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுப் பெருந்தொகுப்பிலும் ‘ரைவல்ஸ்’. 1603 பதிப்பு எப்படி உருவானது என்பது பற்றி அறிஞர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. ஆனால் நமக்கு வேண்டியதற்கு அது தடையில்லை: ஒரே வரியில் ஒரு சொல்லின் இடத்தில் மற்றொரு சொல் உட்கார முடிந்திருக்கிறது. ஒரு நூலின் பல பதிப்புகளை வரிக்கு வரி ஒப்பிடுவது, சொல்லின் பொருளைப் பிடிக்க மிக வலுவான கருவி. பழைய பதிப்புகளின் படிமங்கள் இப்போது இணையத்தில் கிடைப்பதால் இதை வீட்டிலிருந்தே செய்யலாம்.

‘ஆண்டனியும் கிளியோபாட்ராவும்’ நாடகத்தில் இன்னொரு சான்று. ஆக்டேவியஸ் சீசர், தன்னோடு ஆட்சியைப் பகிர்ந்துகொண்ட லெப்பிடஸைப் போரில் பயன்படுத்திக்கொண்டு, பிறகு ‘ரைவாலிட்டி’யை மறுத்துவிட்டான் என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. வெற்றியின் புகழில் பங்கு தரவில்லை என்பது அடுத்த சொற்களிலேயே தெளிவாகிறது. அதே நாடகத்தில் ‘காம்பெட்டிட்டர்’ என்ற சொல்லும் கூட்டாளி என்ற பொருளில் வருகிறது. சேர்ந்து ஒன்றை நாடுபவர் என்பது அதன் லத்தீன் கட்டுமானம்.

இதற்கு நேர்மாறாக, ‘நடு வேனில் இரவுக் கனவு’ நாடகத்தில் ஹெலெனா இரண்டு இளைஞர்களைப் பார்த்து, நீங்கள் இருவரும் ஹெர்மியாவைக் காதலிக்கும் ரைவல்கள், இப்போது என்னைக் கேலி செய்வதிலும் ரைவல்கள் என்று பொருமுகிறாள். இது ‘ஹாம்லெட்’டுக்குச் சில ஆண்டுகள் முந்தியது. எனவே ஒரே எழுத்தாளரிடம், ஒரே காலத்தில், இரண்டு பொருளும் இருந்தன. பழைய பொருள் ஒரு நாள் போய் மறுநாள் புதிய பொருள் வந்ததாக எழுதாதீர்கள். இரண்டும் அருகருகே இருந்து, ஒன்று மெல்லத் தேய்ந்தது. ஷெரிடன் 1775இல் ‘தி ரைவல்ஸ்’ என்று தம் நகைச்சுவை நாடகத்துக்குப் பெயர் வைத்தபோது போட்டிப் பொருளே நிலைத்திருந்தது.

உறவினர்களைச் சோதிப்பது

ஒரு சொல்லின் வேர் கிடைத்ததும் அதன் உடன்பிறப்புகளைத் தேடுங்கள். உங்கள் முடிவு சரியா என்பதை அவை சோதித்துக் கொடுக்கும். ‘ரீவுஸ்’ குடும்பத்தில் ‘ரிவ்யூலெட்’ என்ற சிற்றோடை உண்டு. போர்ச்சுகீசிய மொழியில் ஆற்றைக் குறிக்கும் ‘ரியோ’ உண்டு; ஆகவே ரியோ டி ஜெனிரோ நகரத்தின் முதல் சொல் ‘ரைவல்’ சொல்லுக்கு உறவு. எனக்கு மிகவும் பிடித்தது ‘டெரிவேஷன்’. ஓடையிலிருந்து தண்ணீரைப் பிரித்து வேறு பக்கம் திருப்பிவிடுவது என்பதே அதன் லத்தீன் மூலப்பொருள். சொற்பிறப்பைத் தேடும் வேலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களில் ஒன்று, நாம் தேடிக்கொண்டிருக்கும் சொல்லின் அதே ஓடையிலிருந்து வந்திருக்கிறது.

இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடம்: ‘ரிவர்’. ஆறு என்று பொருள், எழுத்தும் ஒத்துப்போகிறது, பிறகென்ன சந்தேகம் என்று தோன்றும். ஆனால் ‘ரிவர்’ பழைய பிரெஞ்சு ‘ரிவியேர்’ வழியாக லத்தீன் ‘ரீபா’ என்ற சொல்லுக்குப் போகிறது. ‘ரீபா’ என்றால் கரை. ஓடுவது ‘ரீவுஸ்’, அது ஓட இடம் தரும் கரை ‘ரீபா’. லத்தீனில் இவை இரண்டு தனிச் சொற்கள். ‘அரைவ்’ என்ற சொல்லும் ‘ரீபா’ குடும்பம்தான். கப்பல் கரை சேர்வது என்பது அதன் முதல் பொருள். என் ஆவணங்களில் வரும் ‘ரிபேரியன்’ உரிமை, அதாவது ஆற்றங்கரை நிலத்துக்காரரின் நீர் உரிமை, அதுவும் கரைச் சொல்லே. எனவே ‘ரிவரிலிருந்து ரைவல் வந்தது’ என்று எங்காவது படித்தால் அதைத் திருத்துங்கள்.

எழுத்தும் பொருளும் இவ்வளவு நெருங்கியிருந்தும் இரண்டும் வேறு என்றால், வெறும் ஒலி ஒற்றுமையை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்பது விளங்கும். இதைத் தமிழர்களாகிய நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆங்கிலச் சொல் ஒன்றைக் கேட்டதும் அதற்குத் தமிழ் வேர் காட்டும் பதிவுகள் நாள்தோறும் பகிரப்படுகின்றன. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் உண்மையிலேயே இருக்கின்றன: கட்டுமரம், சுருட்டு, வெட்டிவேர், மிளகுத்தண்ணீர். அவை போன வழி தெரியும். பொருளைக் கண்டவர்கள், கடலில் வந்தவர்கள், அதை எழுதிய ஏடுகள் எல்லாம் உண்டு. அந்தச் சொற்களின் மதிப்பைக் காப்பாற்ற வேண்டுமானால், வழி காட்ட முடியாத சொற்களை அவற்றோடு கலக்காமல் இருக்க வேண்டும்.

குறிப்பு எழுதுவது

தேடி முடித்ததும் நோட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்படி எழுதுங்கள். ‘ரைவல்’ சொல்லுக்கு என் இடப்பக்கம்: பிளாட்டஸ், கி.மு. 200, ஒரே காதலியை உடைய இருவர், டெரன்ஸ், கி.மு. 161, அதே பொருள், சிசரோ, கி.மு. 54, அதன் நீட்சி. கொலுமெல்லா, முதல் நூற்றாண்டு, ‘ஓடையைச் சேர்ந்த’ என்ற பெயரடை. உல்பியன், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம், ஒரே வாய்க்கால்காரர்கள். ஷேக்ஸ்பியர், கூட்டாளி என்றும் போட்டியாளர் என்றும். வலப்பக்கம்: தண்ணீர்ப் பொருளே முந்தியது, நட்சத்திர வேர், உல்பியனின் ‘அதாவது’ பற்றிய என் எண்ணம். கடைசியாகத் தமிழ். சொத்து ஆவணத்தில் ‘போட்டி உரிமை கோருபவர்’ என்று போடுகிறேன். விளையாட்டுச் செய்தியானால் ‘போட்டியாளர்’. பகைவர், எதிரி இரண்டையும் இந்தச் சொல்லுக்கு நான் பயன்படுத்துவதில்லை.

இதே முறையில் நீங்கள் அடுத்து எடுக்க வேண்டிய சொல்லையும் சொல்லிவிடுகிறேன்: ‘நெமிசிஸ்’. இன்று வெல்ல முடியாத எதிராளி என்ற பொருளில் வழங்குகிறது. கிரேக்கத்தில் அது ஒரு தேவதையின் பெயர். அட்டிகாவின் ராம்னூஸ் என்ற ஊரில் அவளுக்குக் கோயில் இருந்தது. பெயரின் பின்னால் இருக்கும் வினைச்சொல்லுக்குப் பங்கிட்டுக் கொடுத்தல் என்று பொருள். பங்கிடுதலில் தொடங்கிய பெயர், உரிய தண்டனை தரும் தேவதையாகி, பிறகு எதிராளியாக எப்போது மாறியது? லத்தீன் அகராதிக்குப் பதில் லிடெல்–ஸ்காட் கிரேக்க அகராதி வேண்டியிருக்கும். அதுவும் பெர்சியஸில் இருக்கிறது. ஆங்கிலத்தில் தேவதையைக் குறிக்கும் மேற்கோள்களையும் எதிராளியைக் குறிக்கும் மேற்கோள்களையும் தனித்தனியாக ஆண்டு வரிசையில் எழுதுவதிலிருந்து தொடங்குங்கள்.